கல்வாழைப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர்?

போன வாரம் முத்து செத்துப்போனதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பதற வேண்டாம். முத்து ஒரு மீன். உள்ளங்கை நீளம், உடம்பு முழுக்க வெள்ளை. திருப்பதியிலிருந்து திருச்சானூர் போகிற சாலையில், வெங்கடராகவன் வீட்டுக் கொல்லைக் குளத்தில் வளர்ந்த ஐந்து கோய் அலங்கார மீன்களில் கடைக்குட்டி.

ஒரு மீன் செத்ததற்கா வீட்டில் யாரும் சாப்பிடாமல் படுத்தார்கள் என்று கேட்பீர்கள். அந்த மீன்களை வாங்கிவந்து விட்டவள் பூமா. வெங்கடராகவனின் முதல் மனைவி, ஸுப்ரஜாவைப் பெற்றவள். அவள் காய்ச்சலில் போய் மூன்று வருஷமாகிறது. கல்லூரியிலிருந்து வந்ததும் ஸுப்ரஜா பையைக்கூட இறக்காமல் நேரே குளத்தங்கரைக்குப் போய் உட்காருவாள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த மீன்களிடம் சொல்லுவாள். எல்லாவற்றிலும் பெரியது, செக்கச்செவேல் என்று இருப்பது, செங்கமலம். பூமா வைத்த பேர்.

அலர்மேல் இந்த வீட்டுக்கு வந்தது போன ஆவணியில். சித்தூர் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவு இன்ஜினியர். ஐம்பதை நெருங்கி, கல்யாணப் பேச்சை ஊரே மறந்துவிட்ட பிறகு, பத்துப் பேர் சூழத் தாயார் சன்னிதியில் வெங்கடராகவனோடு மாலை மாற்றிக்கொண்டவள். வார நாட்களில் சித்தூர் குவார்ட்டர்ஸ், வாரக்கடைசியில் திருப்பதி என்று பஸ்ஸும் கையுமாக ஓடிக்கொண்டிருக்கிறது அவள் குடித்தனம்.

ஸுப்ரஜா அவளிடம் மரியாதைக்குக் குறைவு வைத்ததில்லை. காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

தை மாதம் குளத்துத் தண்ணீர் பச்சைப்பசேல் என்று குழம்பி, மீன்கள் கண்ணுக்கே தெரியாமல் போனபோது, அந்தப் பெண் கரையில் உட்கார்ந்து அழுததை அலர்மேல் பார்த்தாள். அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்: “உங்கம்மாவோட மீனை நான் பாத்துக்கறேன். என்னை நம்பு.” சொன்னதோடு நிற்காமல் கொல்லையில் சும்மா கிடந்த ஒரு மூலையில் சின்னதாகத் தொட்டி கட்டி, அடியில் துளை போட்ட குழாய் பதித்து, மேலே கூழாங்கல் நிரப்பி, கல்வாழையும் வசம்பும் நட்டுப் பாத்தியாக்கினாள். மோட்டார் குளத்துத் தண்ணீரை அந்தக் கல்லுக்கு அடியில் தள்ளும். தண்ணீர் கல்லுக்குள் மெல்ல மேலே ஏறும். அழுக்கை வேர் தின்னும். தெளிந்த தண்ணீர் விளிம்பு வழியாக மறுபடி குளத்தில் விழும்.

இரண்டு மாதம் குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. சித்திரை பிறந்து, வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்த இந்தப் பத்து நாளில்தான் எல்லாம் தலைகீழானது. சித்தூரில் குடிநீர்ப் பஞ்சம் என்று அலர்மேலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கூடக் கிடைக்கவில்லை. முத்து செத்த சேதி கேட்டு நேற்று ராத்திரிதான் கடைசி பஸ் பிடித்து ஓடி வந்திருந்தாள்.

விடிந்தும் விடியாமலும் அவள் கொல்லைக் கதவைத் திறந்தபோது ஸுப்ரஜா ஏற்கெனவே கரையில் இருந்தாள். தலை வாரவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

நான்கு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. செங்கமலம் பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்திருந்தாள். அலர்மேல் கரைக்கு ஓடிவந்து குனிந்தாள்.

“எப்போலேர்ந்து இப்படி?”

“முந்தாநாள்லேர்ந்து,” என்றாள் ஸுப்ரஜா, திரும்பிப் பார்க்காமல். “தண்ணி பத்தலை. பாத்திக்குப் போற வால்வைப் பாதிதானே திறந்து வெச்சிருக்கேள்? முழுக்கத் திறந்தா என்ன?”

“வேகமா விட்டா தண்ணி கல்லுக்குள்ள தங்காதும்மா. வேர் தொடறதுக்குள்ள ஓடிடும். அழுக்கு அப்படியே குளத்துக்குத் திரும்பி வந்துடும்.”

“மெதுவா விட்டுத்தானே முத்து போச்சு?”

அலர்மேல் வால்வைப் பார்த்தாள். அவள் வைத்த அளவில்தான் நின்றது.

அந்த அளவை அவள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. குளத்துத் தண்ணீர் மொத்தமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்தி வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, விளிம்புக்குக் கீழே வாளி வைத்து, செல்போனில் நேரம் பார்த்து, வால்வை இம்மி இம்மியாகத் திருகி நிறுத்தினாள். “ஊருக்கே தண்ணி விடறவ, ஒரு தொட்டிக்கு இத்தனை அமர்க்களமா?” என்று வெங்கடராகவன் சிரித்தார். “ஊர்ல தப்பா விட்டா குடத்தைத் தூக்கிண்டு சண்டைக்கு வருவா. மீன் வராதே!” என்று இவளும் சிரித்தாள். தை மாதம் அது. சிரிக்க முடிந்தது.

இப்போது சிரிப்பு எங்கே வருகிறது? இந்த மீன்கள் போனால் இந்த வீட்டில் தன் இடமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். ஸுப்ரஜா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருப்பாள். ஆனால் ‘என்னை நம்பு’ என்று இன்னொரு தடவை அந்தப் பெண்ணிடம் சொல்ல அலர்மேலுக்கு வாய் இருக்காது.

“இப்போ திறக்கறேளா, நான் திறக்கட்டுமா?”

சர்வீஸுக்கு வந்ததிலிருந்து யார் வந்து கத்தினாலும் அளந்து பார்க்காமல் அலர்மேல் ஒரு வால்வில் கை வைத்ததில்லை. காலிக் குடங்களோடு வார்டே திரண்டு வந்து நின்றபோதும் அசையாதவள், ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் வீங்கின கண்ணுக்குப் பயந்தாள். குனிந்து, வால்வை முழுக்கத் திறந்துவிட்டாள்.

விளிம்பில் தண்ணீர் சளசளவென்று கொட்ட ஆரம்பித்தது. ஸுப்ரஜா ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து குளிக்கப் போனாள்.

சமையலறையில் அலர்மேல் தளிகையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து வெங்கடராகவன் பாசுரம் சொல்லும் குரல் கேட்டது. கோவிந்தராஜர் சன்னிதி கோஷ்டியில் சொல்லிப் பழகின கணீர்க் குரல். சித்திரைத் திருவாதிரை, வைணவ ஆசாரியரான உடையவர் பிறந்த திருநட்சத்திரம், நாளைக்கு. அதற்கு முந்தின பத்து நாளும் அந்த வீட்டில் உடையவர் விக்கிரகத்துக்கும் சாளக்கிராமத்துக்கும் தினம் பால், தயிர், தேன், சந்தனம், துளசி எல்லாம் வைத்துத் திருமஞ்சனம், அதாவது அபிஷேகம். மற்ற நாட்களில் வெறும் தீர்த்தம்தான். அலர்மேல் இந்த வருஷம்தான் இதைப் பார்க்கிறாள். அதுவும் இன்றைக்குத்தான்.

மணிச் சத்தம் ஓய்ந்தது. ஈரத் தலையை முடிந்துகொண்டு ஸுப்ரஜா பெரிய பித்தளைப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி கொல்லைக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கல்வாழைப் பாத்தி ஓரமாக உட்கார்ந்து, செடிகளின் அடியில் நிதானமாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தினம் அங்கேதான் விடறாளா?” என்று அலர்மேல் கேட்டாள்.

வெங்கடராகவன் தீர்த்தம் கொடுக்க வந்தவர், எட்டிப் பார்த்தார். “திருமஞ்சன ஜலம் கால்ல மிதிபடக் கூடாதோன்னோ? அந்த மூலையில முன்னே ஒரு பவழமல்லி இருந்தது. பூமா அதனடியிலதான் விடுவா. வேற யாரையும் தொட விடமாட்டா. அவளுக்கு அப்புறம் ஸுப்ரஜா எடுத்துண்டா. என்னைக் கூட விடறதில்லே.”

“அந்த மரம்?”

“அவ போன மறுவருஷமே காஞ்சுபோச்சு. அந்த இடத்துலதான் நீ பாத்தி கட்டினே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“காஞ்ச மரம்தானே, அலர்மேல். என்னத்தைச் சொல்றது?” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர்தான். பாசுரம் நாலாயிரமும் மனப்பாடம், வீட்டில் யாருக்கு எது வலிக்கும் என்பது மட்டும் மறந்துபோகும்.

அலர்மேலுக்குக் குழம்பு கொதித்ததே தெரியவில்லை. எத்தனையோ இடம் இருக்க அந்த மூலையையா தேடிப் பிடித்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு தடவை கூட அந்தப் பெண் வாயைத் திறந்து, ‘அது அம்மா இடம்’ என்று சொல்லவில்லையே. பேசாமல் அதே இடத்தில் வந்து விட்டுவிட்டுப் போகிறாளே.

அப்போதுதான் கொல்லையிலிருந்து அலறல் கேட்டது.

“அப்பா! அப்பா, சீக்கிரம் வாங்கோ!”

அலர்மேல் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பாத்தி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கல்லுக்கு மேலே ஒரு ஜாண் தண்ணீர் நின்றது. விளிம்பு வழியாக மஞ்சளும் வெள்ளையுமாக, கொழகொழவென்று ஏதோ குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் எதிர்மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. செங்கமலம் முழுக்கச் சாய்ந்துவிட்டாள். வெள்ளை வயிறு தெரிந்தது.

“என்ன பண்ணினேள்? என்ன பண்ணித் தொலைச்சேள்?” ஸுப்ரஜாவின் குரல் உடைந்தது.

திறக்கச் சொன்னது நீதானே என்று கேட்க அலர்மேலுக்கு நேரம் இல்லை. வால்வை மூடினாள். பாத்திக்குச் சொட்டுத் தண்ணீர் கூடப் போகாமல் அடைத்தாள். மோட்டார்க் குழாயைக் கழற்றிக் கையால் உயரத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் மேலேயிருந்து குளத்தில் சோவென்று கொட்டும்படி செய்தாள்.

“ஸுப்ரஜா, இதைப் பிடி. இன்னும் மேலே. தண்ணி காத்தை அள்ளிண்டு விழணும், அப்போதான் அதுகளுக்கு மூச்சு விட முடியும்.”

ஸுப்ரஜா கோபத்தை விழுங்கிக்கொண்டு பிடித்தாள். வெங்கடராகவன் பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து போர்வெல் தண்ணீரைக் குழாய் வழியாக விட ஓடினார்.

அலர்மேல் பாத்தியில் முழங்கை வரை கையை விட்டாள். கூழாங்கல்லின் இடுக்கெல்லாம் வழவழவென்று அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கை கல்லை அள்ளி மூக்கருகே கொண்டுவந்தாள். பழைய தயிர்ப் பானையைத் திறந்தாற்போல் புளித்த நாற்றம். கல்லோடு ஒட்டிக்கொண்டு சந்தனம். கறுத்துச் சுருண்ட ஒரு துளசி இலை.

பத்து நாளாகத் தினம் பால். தினம் தயிர், தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மண்ணில் விட்டிருந்தால் மண் குடித்திருக்கும். இது மண் இல்லை. பால் கல்லுக்குள் இறங்கி, இந்த வெயிலில் புளித்து அழுகி, தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டது. வால்வைப் பாதி திறந்தால் என்ன, முழுக்கத் திறந்தால் என்ன? அவள் வைத்த அளவில் ஒரு குற்றமும் இல்லை. முழுக்கத் திறந்ததில் அடியில் அழுகிக் கிடந்தது மொத்தமும் கிளம்பிக் குளத்துக்கு வந்ததுதான் மிச்சம்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. நான் இல்லை. என் கணக்கு தப்பவில்லை.

அடுத்த நொடி நிமிர்ந்து ஸுப்ரஜாவைப் பார்த்தாள். குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “செங்கமலம், போயிடாதேடி, போயிடாதே” என்று அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவளிடம் போய், உன் அம்மா மீனுக்கு நீயே, உன் அம்மா விட்ட இடத்தில், உன் கையாலேயே விஷம் வைத்தாய் என்று எப்படிச் சொல்வது?

“என்ன ஆச்சு? காரணம் தெரிஞ்சுதா?” வெங்கடராகவன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

அலர்மேல் துளசி இலையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். “நான் வெச்ச அளவு தப்பு. தண்ணி ரொம்ப மெதுவா போயிருக்கு. கல்லெல்லாம் அடைச்சுண்டுடுத்து.”

“நீயா தப்பு பண்ணினே?” அவருக்கு நம்ப முடியவில்லை.

“நான்தான்.”

ஸுப்ரஜா திரும்பினாள். “பெரிய இன்ஜினியர்னு சொல்லிண்டு வந்தேள். என்னை நம்புன்னேள். பேசாம பச்சைத் தண்ணியிலேயே இருந்திருக்குமே அதுகள்! யார் கேட்டா உங்களை?”

“ஸுப்ரஜா!” என்று வெங்கடராகவன் அதட்டினார்.

“விடுங்கோ,” என்றாள் அலர்மேல். “அவ கேக்கறது நியாயம்தானே.” குனிந்து கல்வாழையைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

உச்சி வெயிலில் மூன்று பேரும் மாடாக உழைத்தார்கள். குளத்தில் பாதித் தண்ணீரை இறைத்துத் தென்னைக்கு விட்டு, புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். பாத்தியிலிருந்த கல் முழுவதையும் கூடை கூடையாக அள்ளித் துவைக்கிற கல்லடிக்குக் கொண்டுபோனார்கள். கல் அலச ஸுப்ரஜா உட்கார்ந்தபோது அலர்மேல் பதறினாள்.

“நீ வேண்டாம். நான் அலசறேன். நீ போய் மீன்கிட்ட இரு.”

“அப்பா இருக்கார். ரெண்டு பேரா அலசினா சீக்கிரம் முடியும்.”

“கையெல்லாம் நாறும்மா.”

“நாறட்டும்.”

அலர்மேல் முந்திக்கொண்டு நாற்றம் மிகுந்த கூடைகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். துளசியைக் கண்ட இடத்தில் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். திருடி மாதிரி ஒளித்து ஒளித்து வேலை செய்தாள். ஆனால் எவ்வளவு நேரம் அப்படிக் காவல் இருக்க முடியும்? மோட்டாரில் ஏதோ தட்டுகிறது என்று வெங்கடராகவன் கூப்பிட்டார். போய் ஒரு வசம்பு இலையை உருவி எடுத்துவிட்டு வருவதற்குள் ஸுப்ரஜா அலசுவதை நிறுத்தியிருந்தாள்.

தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மடியில் ஒரு கை கூழாங்கல். அதன் நடுவில் நான்கைந்து துளசி, கறுத்துப்போய். அவள் ஒரு கல்லைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அலர்மேல் குழாயை மூடினாள்.

“பால்,” என்றாள் ஸுப்ரஜா.

அலர்மேலின் கை இடுப்பில் செருகின துளசிக்குப் போயிற்று.

“அளவு தப்பு இல்லை. பால்தான். நான் விட்ட பால்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. “உங்களுக்கு எப்போ தெரியும்?”

“காலம்பற. கல்லுக்குள்ள கையை விட்டப்போ.”

“நான் அவ்வளவு பேசினேனே. அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் பொய் சொன்னேள்?”

அலர்மேல் அவளுக்கு எதிரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி வேறு. “நீ என்னைத் திட்டினா நாலு நாள்ல ஆறிடும். உன்னையே நீ திட்டிண்டா ஆறாது. அதான்.”

ஸுப்ரஜாவின் உதடு துடித்தது. “முத்துவை நான்தான் கொன்னேனா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. காலையில் ஒரு பொய் சொல்லியாயிற்று, அது அரை நாள் கூடத் தாங்கவில்லை. இனிமேல் இவளிடம் நிஜத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று அலர்மேலுக்குத் தோன்றியது.

“பால்தான் கொன்னுது. விட்டது நீதான். ஆனா அந்த மூலையில மண்ணு இல்லை, அடியில குழாய் ஓடறது, அந்தத் தண்ணி மீனுக்குத் திரும்பிப் போறதுன்னு உங்கிட்ட நான் சொன்னேனா? ஒரு நாளாவது கூப்பிட்டு உக்கார வெச்சு, இது இப்படி வேலை செய்யறதுன்னு காட்டினேனா?”

“நான் கேட்டேனா?” என்றாள் ஸுப்ரஜா. “நீங்க கட்டிண்டிருந்தேள். நான் ஜன்னல்லேர்ந்து பாத்துண்டே இருந்தேன். அது அம்மாவோட இடம்னு சொல்லணும்னு வந்துது. சொன்னா நீங்க வேற இடத்துல கட்டியிருப்பேள். எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லலை.”

“ஏம்மா?”

“சொன்னா உங்களோட பேச ஆரம்பிச்ச மாதிரி ஆயிடுமோன்னு.”

அதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு அழுதாள். அலர்மேல் கையைப் பார்த்தாள். இரண்டு கையிலும் சேறும் புளித்த நாற்றமும். அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டாள், துடைத்தும் போகவில்லை. தொடலாமா கூடாதா என்று அவள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ஸுப்ரஜா தானாகச் சாய்ந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அலர்மேலை அந்தப் பெண் தொட்டது அதுதான் முதல் தடவை. அலர்மேலும் அழுதாள். எதற்கு என்று அவளைக் கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டாள்.

“அப்பாகிட்டச் சொல்லாதேங்கோ,” என்றாள் ஸுப்ரஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு. உடனே, “வேண்டாம். நானே சொல்லிடறேன்,” என்றாள்.

வெயில் தாழ்ந்தபோது அலசின கல் பாத்திக்குத் திரும்பியது. திரும்ப நட்ட கல்வாழைகள் இலை தொங்கி நின்றன. மீன்கள் அடித் தண்ணீருக்கு இறங்கியிருந்தன. செங்கமலம் மட்டும் மேலே இருந்தாள். ஆனால் நேராக இருந்தாள், செவுள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

“இப்போ எவ்வளவு திறக்கணும்?” என்று ஸுப்ரஜா வால்வுப் பக்கம் குந்திக்கொண்டு கேட்டாள்.

“நீ என்ன நினைக்கறே?”

“தெரியலை. கேக்கறேனே, சொல்லுங்கோ.”

அலர்மேல் சொன்னாள். மோட்டார் தள்ளுகிற தண்ணீரை இரண்டாகப் பிரிப்பது. பாத்திக்குக் கொஞ்சம். மிச்சம் மேலேயிருந்து நேராகக் குளத்தில் கொட்டட்டும். “இந்த வெயில் தணியற வரைக்கும் அதுகளுக்குக் காத்துதான் முக்கியம். கல்லை அலசிட்டோம், வேரும் ஆடிப்போயிருக்கு. பாத்தி இப்போ ஜுரத்துல எழுந்த மனுஷா மாதிரி. ஒரேயடியா வேலை வாங்கக் கூடாது. தண்ணி எந்த வேகத்துல போனா குளம் தெளியறதோ, அந்த வேகத்துக்கு மெள்ள மெள்ள கொண்டுவரணும்.”

“யார் பாக்கறது? நீங்க சித்தூர் போயிடுவேளே.”

“நீதான். வாளியை வெச்சு நீ அளந்து போன்ல சொல்லு. நான் அங்கேர்ந்து சொல்றேன். நாம ரெண்டு பேரும் பேசிண்டே மாத்தலாம்.”

ஸுப்ரஜா வால்வைத் தொட்டுத் துளி திருகினாள். வாளியைப் பிடித்தாள். நேரம் பார்த்தாள். இன்னும் துளி. “போறுமா?” “இன்னும் கொஞ்சம்.” “இப்போ?” “ஒரு மயிரிழை குறை. அங்கேயே நிறுத்து.” விளிம்பில் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. மறுபக்கக் குழாயிலிருந்து சோவென்று கொட்டியது. அந்த நுரைக்கு அடியில் செங்கமலம் மெதுவாக வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். பிறகு வாலை ஒரு வீசு வீசி, அடித் தண்ணீருக்கு இறங்கிப் போனாள்.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலர்மேலுக்குப் பசித்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெங்கடராகவன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லை வாசலில் வந்து நின்றார். சாயங்கால கோஷ்டிக்குத் திருமண் இட்டுக்கொண்டு கிளம்பினவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நாயுடுபேட்டைலேர்ந்து கோவர்த்தனன் பேசினார்.”

அலர்மேல் பார்த்தே இராத ஆள் அவர். பூமாவின் அண்ணா. தங்கை இருந்த இடத்தில் இன்னொருத்தியா என்று இந்தக் கல்யாணத்துக்கு வராமல் இருந்தவர். அதற்கப்புறம் இந்த வீட்டு வாசல்படியே மிதிக்காதவர்.

“நாளைக்குத் திருவாதிரைக்கு வராராம். காலம்பறத் திருமஞ்சனத்துக்கே வந்துடறேன்னார்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அலர்மேலின் முகத்தைப் பார்க்காமல் கல்வாழையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அலர்மேல், நாளைக்கு உனக்கு ஆபீஸ் இருக்குன்னியே... முதல் பஸ்ஸுக்கே கிளம்பணுமோ?”

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அலர்மேலுக்கு உடனே விளங்கியது. கோபம் கூட வரவில்லை. பாவம், அவருக்குச் சண்டை ஆகாது. நாளைக்கு ஒரு வேளை நான் கண்ணில் படாமல் இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். அவ்வளவுதானே? போய்விட்டால் போயிற்று. “ஆமா,” என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“அவா போகலை,” என்றாள் ஸுப்ரஜா.

வாளியைக் கவிழ்த்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். பாவாடையெல்லாம் சேறு. “அப்பா, முத்து செத்ததுக்கு இவா காரணம் இல்லை. நான்தான். அப்புறம் விவரமா சொல்றேன். நாளைக்குத் திருமஞ்சன ஜலத்தை நான் எடுத்துண்டு போகப்போறதில்லை. இவா கையில கொடுங்கோ. அதை எங்கே விடணும்னு இந்தாத்துல இவாளுக்குத்தான் தெரியும். மாமா வரட்டும். நன்னா முன்னாடி நின்னு பாக்கட்டும்.”

வெங்கடராகவன் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கோஷ்டிக்கு நாழியாகிறது என்று வாசல் பக்கம் நடந்தார்.

அலர்மேல் போனை எடுத்து ஆபீஸில் தன் கீழே வேலை பார்க்கும் பாலையாவைக் கூப்பிட்டாள்.

“பாலையா, ரேப்பு கூட நேனு ராலேனு.” நாளைக்கும் வர முடியாது என்றாள்.

“ஏமைந்தி மேடம்? அந்தா பாகுந்தா?” என்று அவன் கவலையோடு விசாரித்தான். என்ன ஆச்சு, வீட்டில் எல்லாரும் நலமா என்று.

ஸுப்ரஜா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாகானே உந்தி. மா இன்ட்லோ திருநட்சத்திரம்,” என்றாள் அலர்மேல். நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் வீட்டில் விசேஷம் என்று.